தன்னைவிட ஒரு வயது மூத்தவர்

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் வெளியே நின்று சொல்வது எப்போதும் ஒன்றுதான். "கதவை நெம்பாதீங்க. இதோ, அஞ்சே நிமிஷம்." அஞ்சு நிமிஷத்தில் எந்த லிப்டும் சரியானதில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே அழுகை நின்றுவிடும். அந்நிய ஊருக்கு வந்து அவர் முதலில் மனப்பாடம் செய்த வாக்கியமே அதுதான். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். லிப்ட் பழுதுபார்ப்பது வேலை என்பதால், தங்கியிருக்கும் அறையில் எல்லாரும் கூப்பிடுவது லிப்ட்காரர் என்று.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்டு அவர் போட்ட மனு திரும்பி வந்த அன்று, அவருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லை.

கவுண்டரில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. ஒரு வருஷம் இடிக்கிறதே, இதில் நீங்கள் யார் என்று கேட்டாள். இரண்டுமே நான்தான் என்று சொல்லிப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கூலி வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். "வயசு ஆச்சுங்க சார், பையன் ஆள்தான் கொஞ்சம் குள்ளம்" என்றார். வாத்தியார் பையனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதே தேதியில் பிறந்தவர்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் மார்க் ஷீட், டிப்ளமோ, பாஸ்போர்ட் எல்லாம். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் அவர். போனது ஒரு வயசு கூடுதலாகப் போனார், அவ்வளவுதான்.

அறைத்தோழர் ஒரு ஹோட்டல் சமையல்காரர். விசா விதிகளெல்லாம் நுனிநாக்கில் வைத்திருப்பதால் அவருக்குச் 'சட்டம்' என்று பேர். வெங்காயம் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"பாஸ்போர்ட்டுல தேதியை மாத்தணும்னா உங்க அப்பா கையெழுத்துப் போடணும். 'நான்தான் ஸ்கூல்ல தப்பாச் சொன்னேன்'னு."

"போட்டா முடிஞ்சிடுமா?"

"எங்க முடியுது? தேதி மாறின அன்னைக்கு இங்க இருக்கற வேலை பர்மிட் செல்லாது. அது பழைய ஆளோடது. ஊருக்குத் திரும்பிப் போய்ப் புது ஆளா மனுப் போட்டு, வரிசையில கடைசில நிக்கணும். இத்தனை வருஷம் இங்க இருந்ததெல்லாம் கணக்குல வராது."

"மாத்தலைன்னா?"

"பர்மிட்டைப் புதுப்பிச்சு புதுப்பிச்சு இங்கயே கெடக்கலாம். ஆனா குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. அதுக்கு நிரந்தர அனுமதி வேணும்." வெங்காயத்தைப் புறங்கையால் ஒதுக்கினார். "நல்லதையும் பாருய்யா. சட்டப்படி ஒரு வயசு குறையுது உனக்கு."

லிப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிப்டுக்குள் இருந்து வெளியே எட்டிப் பார்த்தால் மேல் மாடித் தரையில் நடப்பவர்களின் செருப்புக் கால்கள் மட்டும் தெரியும். அப்படித்தான் இருந்தது அவருக்கு.

ஊரில் வீட்டு நிலைமை இன்னும் மோசம். இந்த முறை நிச்சயம் கிடைத்துவிடும் என்று அவர்தான் வாயை விட்டிருந்தார். மகள் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் பேனா, ஸ்டிக்கர், பாசிமணி என்று ஆளுக்கொன்று கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள்.

"தினமும் கேக்குறாங்கப்பா, இன்னும் போகலையா போகலையான்னு. ஒருத்தி ஸ்டிக்கரைத் திருப்பிக் கேட்டுட்டா."

மனைவி போனை வாங்கினாள். "வயித்து வலின்னு படுத்துக்கறா. எத்தனை நாளைக்கு நானும் லீவு லெட்டர் எழுதறது? ஒண்ணு அங்க கூப்பிடுங்க, இல்லை இங்க வாங்க. நடுவுல தொங்க என்னால முடியல."

அப்பாவிடம் பேசியபோது அவர் பொங்கிவிட்டார்.

"பொய் சொன்னேன்னு நான் கையெழுத்துப் போடணுமா? அன்னைக்கு அந்தப் பொய்யைச் சொல்லலேன்னா நீ என்கூடச் சட்டி தூக்கியிருப்ப. தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா."

"அப்புறம் என்ன?"

"நீங்க பண்ணது தப்புன்னு நான் சொல்லலப்பா. அவங்க விதி அப்படி."

 "அந்த வாத்தியார் இருந்திருந்தா அவரையும் கையெழுத்துப் போடக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்று மட்டும் சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

வாரக் கடைசியில் மனைவி படம் அனுப்பினாள். முத்திரைத்தாளின் அடியில், எழுத்துக்கூட்டி எழுதிய அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்து ஓரம் தாண்டி இறங்கியிருந்தது. "போட்டுட்டு வந்து மாமா திண்ணையிலயே உக்காந்துட்டாரு" என்று கீழே எழுதியிருந்தாள்.

பின்னாலேயே தபாலில் வந்த அந்தத் தாளைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டே அவர் சில வாரம் வேலை பார்த்தார். கேட்டவர்களிடம் இன்னும் தபால் வரவில்லை என்றார். சட்டம்கூட நம்பிவிட்டார். கையெழுத்துப் போட்டவர் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, அதை இங்கே ஒளித்துவைத்திருப்பது சோற்றில் கல் மாதிரி நெருடியது. ஒரு நாள் மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேள்விப்பட்டதும், மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் தூதரகத்துக்குப் போய்த் தேதியை மாற்றச் சொல்லிப் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டார். உள்ளே போன பாஸ்போர்ட்டோடு அவருடைய வருஷங்களும் போயின. கம்பெனிக்காரர்கள் கணக்கு முடித்து, கையைக் குலுக்கினார்கள்.

"கிறுக்காய்யா நீ?" என்றார் சட்டம். ஆனால் பெட்டியை அவர்தான் கட்டிக்கொடுத்தார்.

கம்பெனி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், ஊருக்கு வருகிறேன் என்று இரவல் போனில் மகளிடம் சொன்னார்.

"நிஜமாவா? அப்ப நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன். அப்பாவே வந்துடறாரு, அதனாலதான் நாங்க போகலன்னு சொல்லிடுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "வந்துட்டு, மறுபடி போயிடுவீங்களாப்பா?"

புது ஆளாகப் போட வேண்டிய மனு பெட்டிக்குள்தான் இருந்தது. மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்பவர்களுக்கெல்லாம் அவர் வாயில் தயாராக ஒரு பதில் உண்டு. அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியலடா," என்றார். "நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போ."