முத்திரை குத்தினால் கிழித்துவிடும் கை

விருத்தாசலத்தில் நான் பார்த்த வேலை, பீங்கான் ஜாடிகளைத் தட்டிப் பார்ப்பது. விரலால் தட்டினால் 'ணங்' என்றால் நல்ல ஜாடி, 'தொப்' என்றால் விரிசல். ஒவ்வொரு பலகை ஜாடியோடும் ஒரு சீட்டு வரும். பார்த்து முடித்ததும் அதை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். விட்டுவைத்தால், பார்க்காத பலகை என்று நினைத்து இன்னொருவர் முதலிலிருந்து தட்ட உட்கார்ந்துவிடுவார். எட்டு வருஷம் கிழித்த கை இது. மூளையைக் கேட்டுக்கொண்டு கிழிப்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில், வளைகுடாவில் வேலை பார்த்த எங்கள் தெரு பாய் ஒருவர் லீவு முடிந்து திரும்பும்போது என்னையும் பம்பாய்க்குக் கிளப்பினார். மறுநாள் காலை அங்கே வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விமானத்தை விட்டால் வேலையும் போச்சு.

மீனம்பாக்கத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். போர்டிங் பாஸாம்.

"பத்திரமா வச்சிக்கப்பா, ஆளாளுக்குக் கேப்பாங்க" என்றார் பாய்.

ஒருவர் வாங்கிப் பார்த்தார். பத்தடி தள்ளி இன்னொருவர் கை நீட்டினார்.

"அவரு பாத்துட்டாருங்க" என்றேன், முதல் ஆளின் மானத்தைக் காப்பாற்றுகிற எண்ணத்தில்.

"அவரு பாத்தது அவருக்கு. எனக்குக் காட்டு."

அடுத்து ஒரு போலீஸ்காரர் என்னைத் தலைமுதல் கால்வரை தடவிவிட்டு, அட்டையில் 'டப்' என்று முத்திரை குத்தினார். மனசு நிறைந்துவிட்டது. சரக்கு பாஸ்! டர்ரென்று கிழித்துப் பக்கத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"அடப்பாவி, என்னாய்யா பண்ண?"

"பாத்து முடிச்சிட்டாங்களே பாய்."

"நீ என்னா ஜாடியா?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். விரிசல் சத்தம்தான் கேட்டது.

கூடைக்குள் கையை விட்டேன். ஒரு பாதி மேலேயே கிடந்தது. மறுபாதி வாழைப்பழத் தோலுக்கு அடியில் கிடைத்தது. அதற்குள் போலீஸ்காரருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி சோதனை.

"கையத் தூக்கு!"

ஒரு கையில் ஒரு பாதி, இன்னொரு கையில் இன்னொரு பாதி. இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"இதுல எதுய்யா உன் பாஸு?"

"ரெண்டுந்தாங்க. சேத்து வச்சிப் பாருங்க."

பம்பாய் விமானத்துக்குக் கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கி சொன்னது. பாய் பல்லைக் கடித்தார். ஓடினோம். கடைசிக் கதவில் நின்றவர் இரண்டு துண்டுகளையும் ஒட்டவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதக் கிழிக்கிறது என் வேலையாச்சே!"

"மன்னிச்சிடுங்க சார். எங்கூர்ல அது என் வேலை."

பெரிய துண்டை வைத்துக்கொண்டு சின்னதைத் திருப்பிக் கொடுத்தார். விமானத்தின் படிக்கட்டடியில் இன்னொருவர் கை நீட்டினார். சின்னத் துண்டை நீட்டினேன்.

"பாதிதாங்க இருக்குது."

"பாதிதான் இருக்கணும். ஏறு, ஏறு."

உள்ளே போய் உட்கார்ந்ததும் பாய் அந்தத் துண்டை என் கையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பம்பாய் போய்ச் சேரும்வரை அந்தப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.