ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு சைபர்

அறுநூற்றுப் பதினெட்டை ஆறால் வகுக்க வேண்டும். எழுபதுகளில், ஜவ்வாது மலையில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சார் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கு இது. இன்றும் எங்காவது கண்ணில் பட்டால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் என்று நானும் என் சிநேகிதி ஒருத்தியும்தான். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாகச் சேர்ந்தவள் என்பதால் அவள் என்னைவிட மூத்தவள், உயரமும் அதிகம். எங்கள் இரண்டு ஊர்களுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஓடை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் இரண்டு சிலேட்டையும் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னை இழுத்துக் கரை சேர்ப்பாள். வாய் ஓயாது. சார் நடப்பதுபோல் வயிற்றைத் தள்ளி நடந்து காட்டுவாள்; நான் சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் விழப் பார்ப்பேன்.

சார் திருப்பத்தூர்க்காரர். திங்கட்கிழமை மதிய பஸ்ஸில் ஏறி வருவார், வெள்ளிக்கிழமை மதியமே இறங்கிவிடுவார். நடுவில் இருக்கிற நாட்களில் மர ஸ்கேல் அவர் கையை விட்டு இறங்காது.

அன்று அவள் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தாள். ஆறில் ஆறு ஒரு தரம் போகும், ஒன்று. அடுத்த இலக்கம் ஒன்று. அதில் ஆறு போகாது. எட்டையும் இறக்கினாள், பதினெட்டு ஆனது. மூவாறு பதினெட்டு. ஈவு பதிமூன்று.

"இன்னாடி இது?" என்றார் சார், அவள் சிலேட்டைப் பார்த்து.

"பதிமூணு சார்."

"சைபர் எங்க?"

எந்தச் சைபர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்கேலைப் பக்கவாட்டில் திருப்பி விரல் முட்டியில் அடித்தார். அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். அவள் மறுபடியும் பதிமூன்றுதான் எழுதினாள். வேறு என்ன எழுதுவாள்? இறக்கு, வகு, பெருக்கு, கழி என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டியவர், எந்த இலக்கம் நூறு, எது பத்து என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா? மறுபடி அடித்தார்.

என் சிலேட்டிலும் முதலில் பதிமூன்றுதான் வந்திருந்தது. ஆனால் அந்த எண் எனக்கு இடித்தது. அறுநூறை ஆறு பேருக்குப் பங்கு போட்டாலே ஆளுக்கு நூறு வருமே. மேலே பதினெட்டு வேறு இருக்கிறது. அப்படியென்றால் விடை நூற்றுச் சொச்சமாகத்தான் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் அவளுக்கும் புரியும், சாரும் அடியை நிறுத்துவார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"சார், பதிமூணு ரொம்பக் கம்மி சார். ஆளுக்கு நூறுக்கு மேல வரணும். அதுக்குத்தான சார் நடுவுல சைபர்?"

"உன்னைக் கேட்டனா? போடுன்னா போடணும். போய் வெளிய முட்டி போடு!"

கூரைநிழல் எட்டாத இடத்தில் சரளைக்கல் மேல் முட்டி போட்டேன். உள்ளே ஸ்கேல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அவளுடைய அப்பாதான் வந்தார். வகுப்பு வாசலில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணுக்குக் கை வீங்கிக்கீதுங்க சாமி. சோறு பெசைய முடியலைங்க."

"படிக்க வந்தா நாலு அடி வாங்கித்தான் ஆவணும்," என்றார் சார் நாற்காலியை விட்டு எழாமல். "மலை ஜனங்களுக்குக் கணக்கு ஏறாதுய்யா. நான் இன்னா பண்றது?"

அவளுடைய அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அவர் ஏன் அந்த ஸ்கேலைப் பிடுங்கி முறிக்கவில்லை என்று அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசல் மண்ணில் குச்சியால் கணக்கைப் போட்டு, முதலில் ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று பார்க்கச் சொன்னேன். "நூறுக்கு மேல," என்றாள் உடனே. சைபரைத் தானே நடுவில் போட்டாள். நூற்று மூன்று.

"தெரிஞ்சிக்கினல்ல? திங்கக்கெழம வா."

"தெரிஞ்சா மட்டும் அந்தாளு அடிக்காம வுட்டுடுவானா? நாளைக்கு வேற ஒண்ணுக்கு அடிப்பான். நான் வரலடி."

வரவேயில்லை. ஒரு மாதம் போனபின், வருகைப்பதிவு எடுக்கும்போது சார் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "அவளுக்குப் படிப்புல இஷ்டமில்ல. பேரை எடுத்தாச்சு."

"பொய் சார். நீங்க அடிச்சீங்க. அதான் நின்னுட்டா," என்றேன்.

எனக்கும் விழுந்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாங்கினேன்.

எண்பதுகளில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே பாடம் எடுத்த ஓர் அம்மா ஈர்க்குச்சிகளைக் கட்டுக்கட்டாக மேசைமேல் வைத்து வகுத்தலை விளக்கினார். ஆறு நூறுக்கட்டு, ஆளுக்கு ஒன்று. இருப்பது ஒரே ஒரு பத்துக்கட்டு. அதை ஆறு பேருக்குக் கட்டாகத் தர முடியாது. அதனால் பத்தின் இடத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை, அங்கே சைபர். கட்டைப் பிரித்து எட்டோடு சேர்த்தால் பதினெட்டு, ஆளுக்கு மூன்று. அவ்வளவுதான். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு கட்டு ஈர்க்குச்சியும் கொஞ்சம் பொறுமையும் போதுமென்றால், அவள் கையை எதற்காக அப்படி வீங்க வைத்தார்கள்? பாதி வகுப்பில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஜமுனாமரத்தூர் சந்தையில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. ஈர்க்குச்சிக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அவ்ளோதானாடி?"

"அவ்ளோதான்."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சந்தை நடுவில், சாரைப் பெற்றவளில் தொடங்கி ஒருவரையும் விடாமல், இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் திட்டினாள். புளி விற்றுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளை அடக்கவில்லை. கூடச் சேர்ந்து நானும் திட்டினேன்.