அத்தான் தோட்டத்துக்கு முடிவெட்டிய கதை

அத்தானை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நறுக்' என்றால்தான் தெரியும். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். தலை கிடைத்தால் தலை. கிடைக்காத நேரத்தில் திரைச்சீலையில் தொங்கும் நூல், கால்மிதியின் பிசிறு, என் சட்டைக் கையின் ஓரம் என்று எதையாவது நறுக்கிக்கொண்டே இருப்பார். நான் அவர் மனைவியின் தங்கை, மாடி அறையில் குடியிருப்பவள். அவரைக் கேலி செய்வது என் பிறப்புரிமை என்பதால் இந்தக் கதையை நான் சொல்வதுதான் முறை.

வீட்டுக்குப் பின்னால் அக்காவின் தோட்டம். வெண்டை, தக்காளி, மிளகாய், ஓரமாகக் கொஞ்சம் கீரை. அத்தானுடைய கடையில் ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க நின்றபடி ஊரார் பிடரியைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், சாயங்காலம் தேநீரோடு அந்தத் தோட்டத்தில் உட்காருவார். அக்கா செடிகளுக்கு நடுவில் வேலை செய்துகொண்டே உலகத்தில் உள்ள எல்லோரையும் திட்டுவாள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடப் பெரிய சுகம் தனக்கு எதுவும் இல்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சுகத்துக்கு அவரே உலை வைத்தார். பல் டாக்டர் வீட்டு வாசலில் பளபளக்கும் இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு கொடி படர்ந்திருந்தது. பையில்தான் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கிறதே! ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு வந்து வேலியோரம் நட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதுதான். ஒரே மழைக்காலத்தில் கொடி வேலியை மூடி, கீரையை மூடி, தக்காளிப் பாத்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா பொட்டென்று போட்டு உடைத்தாள்.

"சிமென்ட் பூசிடலாம். கொத்தனார்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த தெருவுல சுவர் வேலை முடிஞ்சதும் வர்றாரு."

அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார். "தோட்டத்தையா? முழுசாவா?"

"முழுசாத்தான். களை முளைக்காது, சேறும் இருக்காது."

"அவர் வர்றதுக்குள்ள அந்தக் கொடியை நான் ஒழிச்சுட்டேன்னா?"

"ஒழிங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாளே அத்தான் இறங்கிவிட்டார். ஆனால் எப்படி? முடிவெட்டுகிறவர் எப்படிச் செய்வாரோ அப்படி. மண்வெட்டியைத் தொடவில்லை. கத்தரிக்கோலும் சீப்புமாக உட்கார்ந்து, வேலியோரத்திலிருந்து வரிசை பிடித்து ஒட்ட வெட்டினார். ஓரங்களுக்கு மிஷின் போட்டார். பிடரியில் இறக்குவதுபோல் பாத்தியின் விளிம்பில் கொடியைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல் கண்ணாடி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு வெட்டியதையெல்லாம் சுத்தமாகப் பெருக்கி எருக்குழியில் போட்டார். கொஞ்ச நாளில் அந்த எருவை அள்ளி எல்லாப் பாத்திகளுக்கும் தாராளமாகத் தூவினார்.

அந்தக் கொடியின் குணம் அவருக்குத் தெரியாது. அதன் கணு ஒவ்வொன்றும் ஒரு விதை மாதிரி. எங்கே விழுகிறதோ அங்கே வேர் விடும். வெட்டினால் முடி உதிரும், உதிர்ந்த முடி முளைக்காது என்பதுதான் அத்தானுடைய தொழில் அனுபவம். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் வெண்டைப் பாத்தி, மிளகாய்ப் பாத்தி, அவர் தூவிய இடமெல்லாம் கொடித் துண்டுகள் இரண்டிரண்டு இலையாகத் தலைநீட்டின.

"அத்தான், ஊர்ல வழுக்கைத் தலைக்காரங்க எல்லாரையும் வரச்சொல்லுங்க. உங்க கைராசி அப்படி!" என்றேன்.

அவர் முறைக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துச் சிரித்து ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா மட்டும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் உருப்படியான வேலை ஆரம்பித்தது. முதல் நாள் மண்ணை ஊறவைத்து, மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன், கொடியின் நுனியைப் பிடித்துக் கணுக் கணுவாக வேரோடு தூக்குவோம். அறுந்த துண்டு மண்ணில் விழாமலிருக்க, கடையில் போர்த்துகிற துணியை விரித்துக்கொள்வோம். பிறகு பெரிய பல் சீப்பால் அத்தான் மண்ணை வாரிவிடுவார். நான் பார்த்ததிலேயே வகிடு எடுத்த தோட்டம் அது ஒன்றுதான். பிடுங்கியதைக் கறுப்புப் பைகளில் இறுக்கிக் கட்டி, வெயிலில் அழுக விட்டோம். எருக்குழிப் பக்கம் எதுவும் போகவில்லை.

எனக்கு அக்கா மேல் கோபமான கோபம். மனுஷன் நகக்கண்ணெல்லாம் மண்ணாகப் பாடுபடுகிறார், இவள் வந்து ஒரு கை கொடுக்கக் கூடாதா? படியைத் தாண்டிக் கீழே இறங்கவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டும் ஒரு தடவை திட்டினேன்.

ஒரு காலை கொத்தனார் சிமென்ட் மூட்டையும், அடுத்த தெருச் சுவர் வேலையில் மிஞ்சிய செங்கல் வண்டியுமாக வந்து நின்றார். தோட்டம் பளிச்சென்று மண்ணாகக் கிடந்தது. வேலியோரம் மட்டும் ஓரிரண்டு தளிர். அத்தான் ஓடிப்போய் அதையும் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"போயிடுச்சு, பாரு! தப்பித்தவறி ஒண்ணு ரெண்டு தலைகாட்டினா தினம் நான் பிடுங்கிடறேன். சிமென்ட் வேண்டாம்னு சொல்லிடு."

அக்கா படியில் நின்றபடி தோட்டத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கொடி போயிடுச்சுங்க. என்னால குனிய முடியலையே! குனிஞ்சா முட்டி பூட்டிக்குது. போன மழையில ஒரு நாள் தக்காளிக்கிட்ட உக்காந்தவ, எந்திரிக்க முடியாம நீங்க வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். 'கை கொடுங்க'ன்னேன். நான் கொஞ்சுறேன்னு நெனச்சு நீங்க பூரிச்சுப் போயிட்டீங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தான் உள்ளங்கையைத் திறந்து அந்தத் தளிரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, என் கடைக்கு வர்றீங்களே, உங்க தலைக்கு நான் என்னிக்காவது குனிஞ்சிருக்கேனா?"

"இல்லையே! நாற்காலியை மிதிச்சு மேல ஏத்திடுவீங்க."

"அதேதான். பூச வேண்டாம், கட்டுங்க. நாலு பக்கமும் செங்கல் வச்சு, உள்ள இந்த மண்ணையே கொட்டி, பாத்தியை மேல ஏத்துங்க."

"எவ்வளவு உயரம்?"

அத்தான் படியேறிப் போய், என் முன்னாலும் கொத்தனார் முன்னாலும், அக்காவின் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். "இவ்வளவு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கையைத் தட்டிவிடவில்லை.

"இன்னும் ஒரு வரிசை ஏத்தியே கட்டுங்க" என்றாள் கொத்தனாரிடம். "நாளைக்கு முதுகும் வலிக்கும். எனக்கு இதுல இன்னும் ரொம்ப வருஷம் வேலை இருக்கு."