எலி தேடிப் பிரித்த கூரை

மாமியின் குசினிக்குள் என் காஸ் அடுப்புக்கு இடம் கிடைக்கவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கிலிருந்த எங்கள் கடை எரிந்து, வீடும் கொள்ளைபோக, உடுத்த உடுப்போடு வேலணைக்கு, என் அவருடைய தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மிஞ்சியது அந்த அடுப்பு ஒன்றுதான். அங்கே பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அதை எடுத்து வைத்திருந்து, பிறகு சிலிண்டரோடு லொறியில் அனுப்பிவிட்டார். அதைக் கண்டதும் என் வீடே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மாமி அதைச் சாமான் அறையில் வைக்கச் சொன்னார். "ஒரு பிழை நடந்தாலும் வித்துப்போடுவன், பிள்ளை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நல்ல தடிமன். மூக்கு இருந்தும் இல்லாத கணக்கு. மாமிதான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"சாமான் அறைக்குள்ளை எலி செத்து நாறுது."

செத்த எலி முகட்டில்தான் கிடக்கும் என்பது அவர் கணிப்பு. பக்கத்து வளவு அண்ணை உடனே ஏணியோடு வந்தார். உதவி என்று கேட்டால் அந்த மனிசனுக்கு யோசனையே வராது. நாலு ஓட்டைக் கழற்றினார், எலி இல்லை. இன்னும் நாலு கழற்றினார். பிறகு ஓடு தாங்கிய சிலாகை ஒன்று முறிய, ஓடுகள் பொலபொலவென்று விழ, அவருடைய ஒரு கால் அறைக்குள் வந்து தொங்கியது. மற்றக் கால் கூரைக்கு மேலே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தொங்கினபடியே அவர் கேட்டார்: "தங்கச்சி, கீழை உஸ் எண்டு ஒரு சத்தம் கேக்குது. பாம்போ?"

நாற்றம். உஸ். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. திரும்பினால் வாசலில் மாமி. நாற்றம் போகட்டும் என்று, தட்டு நிறையத் தணல் எடுத்து, சாம்பிராணி போட்டு, விசிறிக்கொண்டு பக்தியோடு வருகிறார்.

பாய்ந்து தட்டைப் பறித்தேன். முற்றத்தால் ஓடி, ஆட்டுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டிக்குள் கவிழ்த்தேன். "மருமேளுக்குப் பேய் பிடிச்சிட்டுது!" என்று மாமி கத்த, "என்னை இறக்குங்கோ!" என்று அண்ணை கத்த, நான் திரும்ப ஓடிப்போய்ச் சிலிண்டரைப் பூட்டினேன். றப்பர் குழாயைத் தூக்கிப் பார்த்தால், பல்லால் கடித்த ஓட்டை.

"நான் அப்பவே சொன்னனான், எலி எண்டு" என்றார் மாமி.

வெளியே வந்து முற்றத்தில் குந்தியிருந்து சிரித்தேன். மாமியும் சிரித்தார். கூரையில் தொங்கிய அண்ணையும் சிரித்தார். உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷம் தலைக்கேறி, அவரை இறக்கவே மறந்துபோனோம்.

பின்னேரம் வேலையால் வந்த என் அவர் சாமான் அறைக்குள் நின்று வானத்தைப் பார்த்தார். குழாய் என்றால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வாங்கி வந்துவிடலாம். ஓடு, சிலாகை, மேசன் கூலி, அண்ணையின் காலுக்கு எண்ணெய் என்று மற்றதெல்லாம் ஏறிக்கொண்டே போனது.

"விறகுக் காசு மிச்சம் எண்டல்லோ சொன்னனீர்?" என்றார்.

என் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. இனி அடுப்பை மாமி விற்றுவிடுவார் என்று பயந்தேன்.

மேசன் வேலை முடித்துக் கூலி வாங்கிப் போன கையோடு மாமி அறைக்குள் போனார். அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். வாங்க ஆரோ வாசலில் நிற்கிறார்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுகிறாய்? மற்றப் பக்கத்தைப் பிடி, பிள்ளை. இனி இது என்ரை குசினிக்குள்ளை இருக்கட்டும். அங்கை ஓலைக் கூரைதானே, பறந்தாலும் செலவு குறைவு."