உள்ளங்கையில் சீனி

சில வருடங்களுக்கு முன், கண்டியில் ஒரு கிளினிக்கில் நடந்தது இது. நாங்கள் அதே ஊரில் மஹய்யாவையில் குடியிருக்கிறோம். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, ஆனால் பயந்துபோனேன். வீட்டுக்காரரிடமே சொல்ல வாய் வரவில்லை. கிளினிக்குக்குப் போயும், "கழுத்தெல்லாம் கறுத்துப் போகுதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கழுத்தைப் பார்த்தார், இடுப்பை அளந்தார்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ?"

"ஐயோ, ஒரு கரண்டிகூட போட மாட்டேங்க."

சத்தியமான உண்மை. எங்கள் வீட்டில் யாரும் தேத்தண்ணிக்குள் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். அது எப்படிப் போடுவதாகும்?

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கச் சொன்னார். நானும் சோறு, ரொட்டி எதையும் தொடவில்லை. கிளினிக்குக்கு எதிர்க் கடையில் தேத்தண்ணி மட்டும் குடித்தேன். தேத்தண்ணி எந்தக் காலத்தில் சாப்பாடானது? அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்குக் கண்ணே திறக்காது.

ஊசி குத்த நேர்ஸ் என் கையைத் திருப்பினார். உள்ளங்கை முழுக்கச் சீனி ஒட்டியிருந்தது. உடனே டொக்டரைக் கூப்பிட்டார்.

"இதென்னம்மா?"

"சீனிங்க."

"சீனி போடுறேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்!"

"தேத்தண்ணிக்குள்ள போடலைங்களே. கையிலதான் வச்சிக்கிட்டேன்."

டொக்டர் கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக, "நெஞ்சில ஒரு கட்டியும் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்தார். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம். ஒப்பரேஷன், மருந்து என்று இழுபட்டுத் தேறிவிட்டேன்.

"சீனியாலதான் வந்திச்சா டொக்டர்?" என்று பிறகொரு நாள் அழுதுகொண்டே கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லேலாது. சீனி சாப்பிட்ட எல்லாருக்கும் இது வாறேல்லை" என்றவர், பொறுமையாக விளக்கினார். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போனால், உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்குமாம். அது கூடிப்போனால் உடம்பிலுள்ள கலங்களை, அதாவது செல்களை, வளரத் தூண்டுமாம். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பிலுள்ள கொழுப்பும் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனை உண்டாக்குமாம். எல்லாம் சேர்ந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும் என்றார். கழுத்துக் கறுப்பும் அந்த இன்சுலின் கோளாறின் அடையாளம்தானாம். நானோ அதை அழுக்கு என்று நினைத்து, கடலை மாவு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தேன்!

இப்போது தினமும் கண்டி ஏரியைச் சுற்றி நடக்கிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். அன்றைக்கு அந்த டொக்டர் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் நான் கட்டியைப் பற்றி மூச்சுவிடாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பேன் என்பதை நினைத்தால், இன்றும் எனக்குக் கண் கலங்கிவிடும்.