ஆறடித் தூரத்தில் கௌதாரி

போன செவ்வாய்க்கிழமை அஸ்தம்பட்டியில் காது டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். எதிரே இருந்தவர் தன் செல்போனைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கௌதாரி கழுத்தை நீட்டிக் கூவியது. அலகு திறந்து மூடுவதை மட்டும் பார்த்தேன். ஆனாலும் பழக்கதோஷம், என் மூச்சு தானாக நின்றுவிட்டது.

எடப்பாடியில் நான் விசைத்தறி ஓட்டிய நாட்களில் வந்த பழக்கம் அது. பக்கத்துத் தறிக்காரன் முருகேசன் ஒரு கௌதாரிச் சேவலைப் பழக்கி வைத்திருந்தான். தான் சாப்பிடும் முன் அதற்குக் கம்பு வைப்பான். ஞாயிறு விடிந்ததும் கூண்டோடு ஊரோரத்துச் சோளக்காட்டுக்குப் போவோம். சட்டப்படி தப்பு, தெரிந்தேதான் போனோம். கூண்டை வரப்பில் வைத்து, சுற்றிலும் நைலான் சுருக்குகளைப் பதித்துவிட்டு, ஆறடி தள்ளிப் புதரடியில் குப்புறப் படுப்போம். கூண்டுச் சேவல் கூவினால் காட்டுச் சேவல் சண்டைக்கு வரும். வெள்ளைச் சட்டை கூடாது, பேச்சு அறவே கூடாது.

"மூச்சு உட்டாக்கூட ஓடிரும் மாப்ளே. கைச்சாடைதான்" என்பான் முருகேசன்.

அது எங்களுக்குச் சிரமமில்லை. தறிச் சத்தத்தில் நாள் முழுக்க அப்படித்தானே பேசினோம்.

நேரம் குறிக்காமல் எனக்கு எதுவும் நடந்ததாகத் தோன்றாது. டைரியில் இருக்கிறது: மாசி, ஞாயிறு, காலை ஆறு ஐம்பது. காட்டுச் சேவல் வந்துவிட்டது. சுருக்குக்கு இன்னும் ஒரு சாண். முருகேசனின் கண் அதன் காலிலேயே இருந்தது. அப்போது கூண்டுக்குப் பின்னால் புல் அசைந்தது. கீரி. வயிறு தரையில் தேய வந்தது. விரலை ஆட்டினேன், அவன் திரும்பவில்லை. எழுந்தால் காட்டுச் சேவல் போய்விடும். எழாவிட்டால் அவனுடையது போய்விடும். கீரி முன்காலைக் கூண்டின் மேல் வைத்தது. அவன் காதருகே தலையைச் சாய்த்து மெதுவாகச் சொன்னேன்: "கீரி."

தறிக்காரனின் 'மெதுவாக' அது. காட்டுச் சேவல் படபடவென்று பறந்தது. கீரி சோளத்தட்டுக்குள் பாய்ந்தது. தொலைவில் ஆடு மேய்த்தவர், "என்னுங்க ஆச்சு?" என்று குரல் கொடுத்தார்.

முருகேசன் கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றான் சேவலிடம். பிறகு என்னிடம், "இதுக்குப் பேரு குசுகுசுப்பா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும் போ" என்றான். அதன்பின் அவன் சேவலை வெளியே கொண்டுபோகவே இல்லை. அந்தக் காடு இப்போது வீட்டுமனை.

என் முறை வந்தது. டாக்டர் என் காதில் கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்றார். விரலைத் தயாராக வைத்து, மூச்சை அடக்கி, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

அவர் கருவியைக் கழற்றிவிட்டு, உரக்கச் சொன்னார்: "மெல்லிய சத்தமெல்லாம் முடிஞ்சுருச்சுங்களே."