இரண்டரை மணிக்கு ஒரு யன்னல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தின் முதலாவது சுற்றுலாவைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. வேறு ஆளில்லை என்பதுதான் காரணம். அப்பா எங்கள் ஊரான செவன் கிங்ஸில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பகலும் இரவுமாக மாறி மாறி வேலை செய்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கப் பொறுமை இல்லை. நானோ, ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் பள்ளிக்கூடத்தில் ‘விடுமுறையில் என்ன செய்தேன்’ என்று எழுதச் சொல்லும்போதெல்லாம் பொய் எழுதிக் களைத்துப் போயிருந்தேன். கடைசிக் கட்டுரையில் நாங்கள் ஸ்கொட்லாந்தில் மீன் பிடித்திருந்தோம். ஆசிரியை அதன் கீழே மூன்று கேள்விகள் எழுதியிருந்தார்.

அது எண்பதுகளின் கடைசி. ஈஸ்டர் விடுமுறையில் அப்பாவுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது. “கிட்டடியில, பழசா, மழை பெஞ்சா உள்ளுக்குப் போய் நிக்கக்கூடிய ஊரா ஒண்டு பார்” என்றார். கன்டர்பரி சரியாகப் பொருந்தியது. மதில் சூழ்ந்த ஊர், பெரிய தேவாலயம், ரயிலில் அரை நாள்கூட ஆகாது. நான் அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் தடித்த உறையொன்றில் வரைபடமும் பிரசுரங்களும் வந்தன. என் பெயருக்கு வந்த முதல் தபால் அது.

எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, கொப்பியில் நேர அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு மாதமாகியிருந்தது. மாடியில் ஒரு கட்டில் மட்டும் கொள்ளக்கூடிய சின்ன அறையில் இருந்தார். அகதி வழக்குக்காகச் சட்டத்தரணியிடம் போகும் நாட்களைத் தவிர வெளியே இறங்குவதில்லை. மூலைக்கடைக்குப் பால் வாங்க அனுப்பினால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போவார். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேலே ஏறிவிடுவார். அவருக்கு வழியில் எங்கோ காத்துக் கறுப்பு பட்டிருக்கிறது என்று அம்மா யாரிடமோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

என் தோளுக்கு மேலாக ஒரு விரல் வந்து, பிரசுரத்தில் இருந்த தேவாலயக் கோபுரத்தைத் தொட்டது.

“இது கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அடிக்கும். ஞாயிற்றுக்கிழமையில நிப்பாட்டாமல் அடிக்கும்.”

“நீங்கள் பாத்தனீங்களோ, சித்தப்பா?”

“கோபுரத்தின்ர நுனி மட்டும் பாத்தனான். மிச்சம் கேட்டனான்.” விரலை எடுக்காமலே அவர் கேட்டார்: “பிள்ளை, இந்த ஊருக்கு என்ன பேர்?”

மணி எப்போது அடிக்கும் என்று தெரிந்த ஒருவருக்கு ஊரின் பெயர் எப்படித் தெரியாமல் போகும்? சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு என் பென்சிலை வாங்கிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறத் தொடங்கினார்.

சந்துபோல ஒடுங்கிய ஒரு ஒழுங்கை. இரும்பில் செய்த பெரிய திறப்பு ஒன்று அடையாளமாகத் தொங்கும் சாவிக் கடை. அதற்குப் பக்கத்தில் கறுப்புக் கதவு போட்ட வீடு. கூரைக்குக் கீழே ஒரு சின்ன யன்னல். யன்னலைக் கீறும்போது அவர் பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

வெளிநாட்டுக்கு ஆட்களைக் களவாகக் கொண்டுவருபவனை எங்கள் ஆட்கள் ஏஜென்சிக்காரன் என்பார்கள். அப்படி ஒருவன் சித்தப்பாவை லொறியில் கொண்டுவந்து, எந்த ஊர் என்று சொல்லாமலே, அந்த யன்னலுக்குப் பின்னால் ஆறு கிழமை பூட்டி வைத்திருந்தான்.

“நாங்கள் ரெண்டு பேர் இருந்தனாங்கள்” என்றார் சித்தப்பா. “என்னை வெளியில எடுக்கேக்க மற்றவனுக்குக் காய்ச்சல். ‘அவரைப் பிறகு கொண்டுவாறன்’ எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். கொண்டுவந்தானோ தெரியாது. நீ போய் யன்னலை மட்டும் பாத்திட்டு வா. ஆரும் நிக்கினமோ எண்டு. கதவைத் தட்டக்கூடாது. அப்பாவுக்கும் சொல்லாத. அண்ணை பொலிசுக்குப் போவார். பிறகு என்ர கேஸ்...”

காய்ச்சலோடு ஒருவர் ஏழு மாதமாக ஒரு யன்னலில் நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன். உயிரோடு இருப்பவர்கள் அப்படி நிற்பதில்லை என்று எனக்குப் பட்டது.

அந்த ஒழுங்கையைக் கண்டுபிடிக்க மூன்று பின்னேரங்கள் எடுத்தன. காலை வெயில் எந்தப் பக்கம் வரும் என்று நான் கேட்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கோபுரத்துக்குப் பின்னாலிருந்து. அப்படியானால் வீடு மேற்கே. ஆற்றுச் சத்தம் கேட்குமா? கேட்காது. கடைசியில் வரைபடத்தில் தலைமயிர் போல ஒரு கோடு மிஞ்சியது. அதற்குப் பெயர்கூடப் போட்டிருக்கவில்லை. தேவாலயத்துக்கும் தேநீருக்கும் நடுவே ‘2.30 – யன்னல்’ என்று எழுதினேன்.

போனோம். சித்தப்பா வரவில்லை, வாசல்வரை வந்து சப்பாத்துப் போடாமல் நின்றார்.

தேவாலயத்தில் அப்பா ஒவ்வொரு கல்லறையாக நின்று, அதில் கிடந்தவர் எந்த வயதில் செத்தார் என்று கணக்குப் பார்த்தார். அம்மா சேலைக்கு மேல் கோட்டும், கோட்டுக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சால்வையும் போட்டுக்கொண்டு, சூடான இடம் எங்கே என்று தேடினார். வெளியே வந்ததும் அப்பா கொப்பியைப் புரட்டினார்.

“ரெண்டரைக்கு யன்னல் எண்டு கிடக்கு. என்ன யன்னல்?”

“பழைய யன்னல், அப்பா.”

“இந்த ஊரில எல்லாம் பழைய யன்னல்தானே” என்றார். ஆனாலும் எழுதி வைத்ததை மீறும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் கடைத்தெருவின் இரைச்சல் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுவிட்டது. வெயில் அங்கே இறங்கவில்லை. முதலில் நான் கண்டது திறப்பைத்தான். என் கை நீளத்துக்குத் துருப்பிடித்துத் தொங்கியது. காற்றில்லாமலே மெல்ல ஆடியது. அதன் கீழே கடை பலகையடித்து மூடிக்கிடந்தது. பக்கத்தில் கறுப்புக் கதவு. எல்லாம் கொப்பியில் இருந்தபடியே இருந்தன. அப்படி இருந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நிமிடம் மனதார விரும்பினேன்.

“இஞ்ச ஒண்டும் இல்லையே. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றார் அம்மா. அப்பா குனிந்து கமராவில் புது ரோல் மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் மேலே பார்த்தேன். அழுக்குப் பிடித்த கண்ணாடி. ஒன்றுமில்லை. கோபுர மணி அடித்தது. இரண்டாவது அடியில் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. மண்ணிறக் கை. பிறகு முகம். தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போய், உதடு வெடித்த முகம். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தது. அதன் வாய் திறந்து மூடியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பிறகுதான் என்னைக் கண்டது. கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை மடித்து மடித்து ஆட்டியது. வேகமாக, திரும்பத் திரும்ப.

போ, போ என்று அது என்னை விரட்டியது.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பின்னால் கூப்பிட்டபடி வந்தார். தேநீர்க்கடையில் என் பற்கள் கோப்பையில் அடித்தன. குளிர் என்று நினைத்து அம்மா கம்பளிச் சால்வையை எனக்குச் சுற்றிவிட்டார். மறுநாள் முழுவதும் மழை. தங்கிய இடத்தின் யன்னலடிக்கே நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மா சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, சித்தப்பாவிடம் சொன்னேன். தாடியைச் சொன்னேன். உதட்டைச் சொன்னேன்.

“அவனுக்குத் தாடி வளராது” என்றார் மெதுவாக. பிறகு, “ஏழு மாசம்... வளரும்” என்று தானே திருத்திக்கொண்டார். “கையால என்ன செய்தவன்?”

செய்து காட்டினேன். “போகச் சொன்னவர்” என்றேன்.

சித்தப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “போகச் சொன்னவனோ?”

“ஓம். அதுதான் நான் ஓடி வந்திட்டன்.”

கேட்டதை ஒன்று விடாமல் பார்த்து வந்து சொன்ன பெருமை எனக்கு இருந்தது. அவர் என் விரல்களைப் பிடித்து மெல்ல மூடிவிட்டார். “கெட்டிக்காரி” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, மூலைக்கடைக்கே போகாத சித்தப்பா தனியாக ரயிலேறிப் போனார். பின்னேரம் திரும்பி வந்தார். அப்பாவைக் கூப்பிட்டு முன்னறைக் கதவைச் சாத்தினார். நான் சாவித்துவாரத்தில் காதை வைத்தேன். “கதவு திறந்து கிடந்தது, அண்ணை. மேல ஏறினனான். ஒருத்தரும் இல்லை. ரெண்டு கோப்பையில தேத்தண்ணி அப்பிடியே கிடக்கு. பூஞ்சணம்கூடப் பிடிக்கேல்லை.” அதற்குப் பிறகு எனக்குக் கேட்டது அப்பாவின் குரல் அல்ல. சித்தப்பாதான் அழுதார்.

அப்பா அடுத்த நாளே பொலிசுக்குப் போனார். எதுவும் கிடைக்கவில்லை. அங்கே நின்றது சித்தப்பாவின் கூட்டாளியா, பிறகு கொண்டுவரப்பட்ட வேறொருவரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நான் அதைப் பேய் என்றே நம்பி வளர்ந்தேன். அப்படி நம்ப விட்டதுதான் சித்தப்பா எனக்குச் செய்த தயவு.

பல ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊரான இல்ஃபோர்ட்டில் ஒரு கல்யாண மண்டபம். எனக்குப் பதினெட்டு வயது; சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். மண்டபத்தின் மறுகோடியில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மடித்து ஆட்டினார். எங்கள் வீடு சின்னது; என் அம்மா என்னைக் குரலால்தான் கூப்பிடுவார், கையால் கூப்பிட்டதே இல்லை. வழியில் நிற்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்து நான் விலகி வாசல் பக்கம் நடந்தேன்.

அந்த அம்மா எழும்பிச் சத்தம் போட்டார்.

“எங்க பிள்ளை போறாய்? இஞ்ச வா எண்டெல்லோ கூப்பிடுறன்!”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் மறுபடியும் கையை ஆட்டினார்.